ஓலிக் அமிலம் கொடுத்தால் செல் பிழைக்கிறது: அதை வைத்து ஃபெரோப்டோசிஸ் என்று சொல்லலாமா?

வெல்96 (கேள்வி)

வணக்கம். சினைப்பைப் புற்றுநோய் செல்களில், ஓலிக் அமிலத்தைச் செய்யும் எஸ்சிடி1 நொதியைத் தடுத்துவிட்டு, ஜிபிஎக்ஸ்4 என்ற காவல் நொதியைத் தடுக்கும் ஆர்எஸ்எல்3 கொடுத்தால், ஃபெரோப்டோசிஸ் (இரும்பின் துணையோடு சவ்வுக் கொழுப்பு ஆக்சிஜனேற்றமடைந்து செல் சாவது) கூடுமா என்று பார்க்கும் சோதனை இது. முடிவுகள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை.

நிலைமை: ஆர்பிஎம்ஐ மீடியம், 10% சீரம், 96 வெல் பிளேட், வெல்லுக்கு 5,000 செல். எஸ்சிடி1 தடுப்பான் 1 மைக்ரோமோலார் 24 மணி நேரம், அதன்மேல் ஆர்எஸ்எல்3 0.25 மைக்ரோமோலார், இன்னொரு 24 மணி கழித்து எம்டிடி (உயிருள்ள செல்களை மதிப்பிடும் சாயச் சோதனை). தடுப்பானைத் தனியாகக் கொடுத்தால் ஒன்றும் ஆவதில்லை. இரண்டையும் சேர்த்தால் ஒரு வாரம் 80% சாவு, அடுத்த வாரம் 30%. கொழுப்பு நீக்கிய சீரத்துக்கு மாற்றினால் தடுப்பான் தனியாகவே கொல்கிறது. அதோடு ஓலிக் அமிலம் 500 மைக்ரோமோலார் சேர்த்தால் செல்கள் பிழைத்துக்கொள்கின்றன.

1. ஓலிக் அமிலம் காப்பாற்றுவதே ஃபெரோப்டோசிஸுக்குப் போதுமான சான்றா?
2. வாரத்துக்கு வாரம் இவ்வளவு வித்தியாசம் ஏன்?
3. அதே கட்டியிலிருந்து வளர்த்த ஆர்கனாய்டில் (ஜெல்லுக்குள் வளரும் முப்பரிமாணச் செல் திரள்) ஆர்எஸ்எல்3 5 மைக்ரோமோலார் வரை போனாலும் அசைவே இல்லை. இது உண்மையான எதிர்ப்புத்தானா?
4. சிகிச்சை என்ற கோணத்தில் இந்த வழிக்கு எதிர்காலம் உண்டா?

சவ்வு

முதல் கேள்விக்கு: போதாது. ஓலிக் அமிலம் இரண்டு வேறு வேறு சாவுகளிலிருந்து செல்லைக் காப்பாற்றும். எஸ்சிடி1 தடுப்பான் அந்த இரண்டையுமே தூண்டக்கூடியது. சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

எஸ்சிடி1 நிறைவுற்ற கொழுப்பு அமிலத்தின் ஒன்பதாவது கார்பனுக்கும் பத்தாவது கார்பனுக்கும் நடுவே ஒரு இரட்டைப் பிணைப்பைப் போடுகிறது. ஸ்டியரிக் அமிலம் ஓலிக் அமிலமாகிறது. அதைத் தடுத்தால் ஒருபுறம் நிறைவுற்ற அமிலம் தேங்கி எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலத்தின் சவ்வு விறைத்துப்போகும். அழுத்த சமிக்ஞை கிளம்பும், காஸ்பேஸ் என்ற சாவு நொதிகள் விழிக்கும், செல் அபோப்டோசிஸ் என்ற திட்டமிட்ட சாவில் முடியும். மறுபுறம் சவ்வின் பாஸ்போலிப்பிட்களில் ஓலிக் அமிலம் இருக்கவேண்டிய இடத்தைப் பன்நிறைவுறா அமிலங்கள் (பல இரட்டைப் பிணைப்புகள் கொண்டவை) பிடித்துக்கொள்ளும். ஃபெரோப்டோசிஸுக்குத் தீனி இந்த இரண்டாவதுதான்.

ஏன் தீனி என்பதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பாருங்கள். அராக்கிடோனிக் அமிலத்தில் நான்கு இரட்டைப் பிணைப்புகள். இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு இடையே மாட்டிக்கொண்ட கார்பன்கள் மூன்று. அந்த மூன்றிலும் ஹைட்ரஜனின் பிடி தளர்ந்திருக்கும், ஒரு ரேடிக்கல் வந்து தட்டினாலே கழன்றுவிடும். கழன்ற இடத்தில் ஆக்சிஜன் ஏறி பெராக்சைடு ஆகும். ஓலிக் அமிலத்தில் இருப்பது ஒரே ஒரு இரட்டைப் பிணைப்பு. ‘இடையே’ என்று சொல்ல அங்கே இடமே இல்லை. ரேடிக்கல்களின் சங்கிலி வினை அங்கே வந்து நின்றுவிடுகிறது. ஏசிஎஸ்எல்4, எல்பிகேட்3 என்ற இரண்டு நொதிகள் அராக்கிடோனிக், அட்ரினிக் அமிலங்களை பாஸ்படிடைல்எத்தனாலமைன் என்ற சவ்வு லிப்பிட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. ஓலிக் அமிலம் ஏசிஎஸ்எல்3 என்ற நொதி வழியாக உள்ளே நுழைந்து அவற்றைச் சவ்விலிருந்து தள்ளிவிடுகிறது. உருவான பெராக்சைடை ஆல்கஹாலாக மாற்றித் தீங்கில்லாமல் ஆக்குவது ஜிபிஎக்ஸ்4. அதற்கு இரண்டு குளூட்டாதயோன் செலவாகும். ஜிபிஎக்ஸ்4 கட்டுண்டால் ஃபெரஸ் இரும்பு அந்தப் பெராக்சைடை உடைத்துப் புது ரேடிக்கல்களைக் கிளப்பும், பக்கத்து லிப்பிட்டுக்கும் தீ பரவும்.

ஆகவே உங்கள் பிளேட்டில் இந்த வரிசைகள் கட்டாயம் இருக்கவேண்டும்: ஃபெரோஸ்டாட்டின்-1 (ஃபெரோப்டோசிஸைத் தடுப்பது) ஒரு மைக்ரோமோலார், இசட்-வாட் (காஸ்பேஸ்களைத் தடுப்பது) 20 மைக்ரோமோலார், இரண்டும் சேர்த்து ஒன்று, டெஃபெராக்சமின் (இரும்பைப் பிடுங்குவது) 100 மைக்ரோமோலார். கொழுப்பு நீக்கிய சீரத்தில் தடுப்பானைத் தனியாகக் கொடுத்த வெல்களில் ஃபெரோஸ்டாட்டின் காப்பாற்றாமல் இசட்-வாட் மட்டும் காப்பாற்றினால் நீங்கள் பார்ப்பது அபோப்டோசிஸ். இரண்டும் பாதி பாதி காப்பாற்றினால் இரண்டு சாவும் நடக்கின்றன. அப்படியே எழுதுங்கள், ஒன்றை மட்டும் பொறுக்கி எடுக்காதீர்கள். டெஃபெராக்சமினை முதல் 24 மணியில் போடாமல் ஆர்எஸ்எல்3-ஓடு சேர்த்துப் போடுங்கள். எஸ்சிடி1 தானே இரும்பு வைத்து வேலை செய்யும் நொதி. முன்னதாகவே இரும்பைப் பிடுங்கினால் நீங்கள் சோதிக்கும் நொதியையே தொட்டதாகிவிடும்.

சாதாரண சீரத்தில் தடுப்பான் தனியாக ஒன்றும் செய்யாதது எதிர்பார்க்கக்கூடியதே. சீரத்தின் அல்புமின் ஓலிக் அமிலத்தைச் சுமந்துகொண்டு வருகிறது. வீட்டுச் சமையலை நிறுத்தினாலும் வெளியிலிருந்து சாப்பாடு வந்துகொண்டே இருக்கும். சில செல்களில் எஃப்ஏடிஎஸ்2 நொதி பால்மிட்டிக் அமிலத்திலிருந்து சாபியெனிக் அமிலம் என்ற வேறொரு ஒற்றை நிறைவுறா அமிலத்தைச் செய்து ஈடுகட்டும். அந்த நொதியின் அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொழுப்பு நீக்கிய சீரத்தில் இன்னொரு பொறி. கொழுப்போடு வைட்டமின் ஈ-யும் போய்விடும். அப்புறம் ஆர்எஸ்எல்3 எதைச் செய்தாலும் கூடுதலாகவே கொல்லும், எஸ்சிடி1 தடுப்பான் காரணம் என்று தோன்றும். ஆல்ஃபா டோகோஃபெரால் 10 மைக்ரோமோலார் திருப்பிக் கொடுத்த ஒரு வரிசையும், ஆர்எஸ்எல்3 மட்டும் கொடுத்த வரிசையும் அதே சீரத்தில் இல்லாமல் ஒப்பிடவேண்டாம்.

இரண்டாவது கேள்விக்கு மூன்று இடங்களில் தேடுங்கள்.

முதலில் செல் நெருக்கம். நெருங்கி வளர்ந்த எபிதீலியல் செல்கள் இ-கேடெரின் என்ற ஒட்டுப் புரதம் வழியாக ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு எண்எஃப்2, யாப் என்ற புரதங்களின் சமிக்ஞையை மாற்றி ஃபெரோப்டோசிஸுக்கு அசைந்துகொடுக்காமல் நிற்கும். வெல்லுக்கு 5,000 என்று எழுதியிருக்கிறீர்கள். மருந்து போடும் நேரத்தில் எத்தனை இருந்தன என்பதுதான் கணக்கு. ஒரு வாரம் 40% மூடிய தரை, இன்னொரு வாரம் 80% என்றால் உங்கள் 80-க்கும் 30-க்கும் அதுவே போதும். 2,500, 5,000, 10,000, 20,000 என்று ஒரு பிளேட் போட்டுப் பாருங்கள்.

அடுத்தது செலினியம். ஜிபிஎக்ஸ்4 ஒரு செலினியப் புரதம். சீரத்தின் ஒவ்வொரு லாட்டிலும் செலினியம் வேறுபடும், ஜிபிஎக்ஸ்4 அளவும் கூடவே ஏறி இறங்கும். சோடியம் செலினைட் 50 நானோமோலார் எல்லா வெல்லிலும் மூன்று நாள் முன்னதாகவே வைத்துவிட்டால் லாட் மாறினாலும் ஆட்டம் குறையும். சோதனை முடியும்வரை சீரத்தை ஒரே லாட்டில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக எம்டிடி. அது அளப்பது வளர்சிதை மாற்றத்தை. எஸ்சிடி1 தடுப்பான் பெருக்கத்தை மெதுவாக்கினாலே எம்டிடி குறையும், ஒரு செல்கூடச் சாகாமல் இருக்கலாம். சைட்டாக்ஸ் கிரீன் போன்ற, உடைந்த செல்லுக்குள் மட்டும் நுழையும் சாயத்தை வைத்து 2 மணிக்கு ஒருமுறை எண்ணுங்கள். ஆர்எஸ்எல்3 வேகமானது, பல செல்களில் 4 முதல் 8 மணிக்குள் கதை முடிந்துவிடும். 24 மணியில் ஒரே ஒரு புள்ளி எடுத்தால் தப்பிப் பெருகியவையும் சாகாதவையும் கலந்துவிடும்.

வெல்96

மிக்க நன்றி. செல் நெருக்கத்தை எழுதி வைக்கவே இல்லை, அதைச் சரிசெய்கிறேன். ஓலிக் அமிலத்தை எத்தனாலில் கரைத்து நேராக மீடியத்தில் விட்டதுதான் இதுவரை நடந்தது. அல்புமினோடு சேர்த்துத்தான் கொடுக்கவேண்டுமா?

சவ்வு

ஆமாம், கட்டாயம். 500 மைக்ரோமோலார் ஓலிக் அமிலத்தை எத்தனாலிலிருந்து நேராக விட்டால், அதுவும் கொழுப்பு நீக்கிய சீரத்தில், சோப்பு மாதிரித் திரண்டு நிற்கும். ஒரு வெல்லுக்கு எவ்வளவு போனது என்று யாருக்கும் தெரியாது.

கொழுப்பு அமிலம் இல்லாத போவைன் அல்புமின் 10% கரைசல் எடுங்கள்; அது ஏறக்குறைய 1.5 மில்லிமோலார். 37 டிகிரியில் வைத்துக் கிளறிக்கொண்டே சோடியம் ஓலியேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து 5 மில்லிமோலாருக்குக் கொண்டுவாருங்கள். ஒரு அல்புமினுக்கு மூன்று சொச்சம் ஓலியேட். ஒரு மணி நேரம் கிளறியபின் தெளிவாக இருக்கவேண்டும். கலங்கினால் கீழே கொட்டிவிட்டு மறுபடி செய்யுங்கள். 0.2 மைக்ரான் வடிகட்டி, சிறு சிறு பங்காக மைனஸ் 20. ஒப்பீட்டு வெல்லுக்கு வெறும் அல்புமின் அதே அளவில், ஏனென்றால் அல்புமின் மற்ற லிப்பிட்களையும் மருந்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

500 தேவையும் இல்லை. 50, 125, 250 என்று ஏற்றிப் பாருங்கள். அராக்கிடோனிக் அமிலத்தையும் இதே முறையில் 5 முதல் 20 மைக்ரோமோலார் வரை எதிர்ப்பக்கச் சோதனையாகக் கொடுக்கலாம்: ஓலிக் காப்பாற்றும், அராக்கிடோனிக் சாவைக் கூட்டும், அந்தக் கூடுதல் சாவை ஃபெரோஸ்டாட்டின் அழிக்கும். மூன்றும் சேர்ந்து வந்தால் வாதம் நிற்கும். அராக்கிடோனிக் அமிலக் குப்பியைத் திறந்தால் நைட்ரஜனோ ஆர்கானோ ஊதி மூடுங்கள், ஒரு தடவைக்கான பங்காகவே உறையவையுங்கள். மஞ்சளித்துப்போனது ஏற்கெனவே பெராக்சைடு. அதைக் கொடுத்துவிட்டுச் செல் செத்தது என்று சொல்வதில் பொருளில்லை.

இரும்புத்துகள்

சவ்வு எழுதியதோடு எனக்கு உடன்பாடுதான், ஒரு திருத்தம் தவிர. ஆர்எஸ்எல்3 என்றால் ஜிபிஎக்ஸ்4 தடுப்பான் என்று மட்டும் வைத்துக்கொள்ளக்கூடாது. அதன் குளோரோஅசிட்டமைடு முனை வேறு செலினியப் புரதங்களையும் சிஸ்டீன்களையும் பிடிக்கும். தையோரெடாக்சின் ரிடக்டேஸ்1 அதில் முக்கியமானது. 1 மைக்ரோமோலாரைத் தாண்டிப் போகப் போக ஃபெரோஸ்டாட்டினால் காப்பாற்ற முடியாத சாவு தலைகாட்டும். உங்கள் ஆர்கனாய்டில் 5 வரை ஏற்றிப் பயனில்லை. எம்எல்210 அல்லது ஜேகேஇ-1674 என்ற ஜிபிஎக்ஸ்4 தடுப்பான்கள் இந்த விஷயத்தில் சுத்தமானவை. ஒரு வரிசை அதில் வையுங்கள்.

ஆர்கனாய்டு சாகாததற்குக் காரணம் கட்டியின் எதிர்ப்பு என்று முடிவுகட்டும் முன் மீடியத்தின் பொருட்பட்டியலைப் படியுங்கள். வழக்கமான ஆர்கனாய்டு மீடியத்தில் பி27 என்ற ஊட்டக் கலவை இருக்கும். பி27-இல் வைட்டமின் ஈ-யும் செலினியமும் இருக்கின்றன. பெரும்பாலும் என்-அசிட்டைல் சிஸ்டீன் 1.25 மில்லிமோலாரும் இருக்கும், அது குளூட்டாதயோனுக்கு மூலப்பொருள். அதாவது ஃபெரோப்டோசிஸைத் தடுக்கும் மூன்று பொருளை ஊற்றிவிட்டு ஃபெரோப்டோசிஸைத் தேடுகிறீர்கள்! ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் நீக்கிய பி27 தனியாகவே விற்கிறது. அதற்கு மாறி, என்-அசிட்டைல் சிஸ்டீனை நிறுத்தி, 48 மணி கழித்து மருந்து கொடுங்கள். ஆர்கனாய்டு வளர்ச்சி கொஞ்சம் தளரும். மருந்தில்லாத வெல்லோடு ஒப்பிட்டே கணக்கிடுங்கள். ஜெல் மேடுகளுக்குள் மருந்து ஊடுருவவும் நேரம் எடுக்கும்.

எராஸ்டின் என்ற இன்னொரு ஃபெரோப்டோசிஸ் தூண்டிக்கு மாறிப் பார்க்க நினைத்தால் அங்கேயும் இப்படி ஒன்று உண்டு. எராஸ்டின் தடுப்பது, குளூட்டாதயோன் செய்ய வேண்டிய சிஸ்டின் செல்லுக்குள் நுழையும் வாசலை. மீடியத்தில் பீட்டா-மெர்காப்டோஎத்தனால் 50 மைக்ரோமோலார் இருந்தால் அது சிஸ்டீனோடு இணைந்து வேறு வாசல் வழியாக உள்ளே கொண்டுபோய்விடும். நோயெதிர்ப்பு செல்களோடு சேர்த்து வளர்ப்பவர்கள் இதில் அடிக்கடி மாட்டுவார்கள்.

லிப்பிட் பெராக்சைடை நேரில் பார்க்காமல் ஃபெரோப்டோசிஸ் என்று எழுதக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. சி11-போடிப்பி 581/591 சாயம் 2 மைக்ரோமோலார், 37 டிகிரியில் 30 நிமிடம், வெளிச்சம் படாமல். ஆக்சிஜனேற்றம் அடையாத சாயம் 590 நானோமீட்டர் பக்கம் ஒளிரும், அடைந்தது 510-க்கு வரும். பச்சை கூடியது என்று மட்டும் சொல்லாமல் பச்சைக்கும் சிவப்புக்குமான விகிதத்தைச் சொல்லுங்கள். சாயம் அதிகம் ஏறிய செல்லும் பச்சை கூடித்தான் தெரியும். இறந்த செல்களை விலக்க புரோபிடியம் அயோடைடு சாயம் வேண்டாம், சிவப்புச் சேனலில் மோதும். வயலெட் லேசரில் தெரியும் சாயம் நல்லது. செல்லை ஃபிக்ஸ் செய்யக்கூடாது, கழுவி ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ளோ சைட்டோமீட்டரில் ஓட்டிவிடவேண்டும்.

நேரம்தான் இதில் எல்லாம். ஆர்எஸ்எல்3 கொடுத்து 1 முதல் 3 மணிக்குள் எடுங்கள். சவ்வு கிழிந்தபின் எந்தச் சாவாக இருந்தாலும் லிப்பிட் ஆக்சிஜனேற்றம் தெரியும், அதில் காரணம் எது விளைவு எது என்று பிரிக்கமுடியாது. லிப்பிட் பெராக்சைடை நிறத்தால் அளக்கும் டிபார்ஸ் கிட்டை நம்பவேண்டாம்: சூடாக்கும்போதே பெராக்சைடு உருவாகும், சர்க்கரைகூட நிறம் கொடுக்கும். சாகும் செல்லில் ஒட்டும் அனெக்சின் நேர்மறையாக வந்தது என்பதை அபோப்டோசிஸுக்கு அடையாளமாகவும் எடுக்காதீர்கள். கிழிந்த சவ்வுக்குள் அனெக்சின் நுழைந்து ஒட்டிக்கொள்ளும்.

இன்னொன்று: டிஎச்ஓடிஎச் என்ற மைட்டோகாண்ட்ரியா நொதியின் தடுப்பானான பிரெக்வினாரை இதில் சேர்க்க நினைத்தால் அளவைக் கவனியுங்கள். அந்த நொதியைத் தடுக்க மைக்ரோமோலாருக்கும் கீழே போதும். சோதனைகளில் 500 மைக்ரோமோலார் வரை கொடுக்கப்பட்டது, அந்த உயரத்தில் அது எஃப்எஸ்பி1-ஐயும் தடுக்கிறது என்று 2023-இல் காட்டப்பட்டது. எஃப்எஸ்பி1 என்பது கோஎன்சைம் க்யூ10-ஐ மறுபடி மறுபடி புதுப்பித்துச் சவ்வைக் காக்கும் இரண்டாவது காவலாளி, 2019-இல் தெரியவந்தது. உங்கள் செல்களில் அதன் அளவு அதிகமென்றால் ஜிபிஎக்ஸ்4-ஐ மட்டும் தடுத்துப் பலனில்லை. அதன் தடுப்பானான ஐஎஃப்எஸ்பி1-ஐச் சேர்த்துப் பார்க்கலாம். ஆனால் அது மனித எஃப்எஸ்பி1-ஐ மட்டுமே தடுக்கும், எலி செல்களில் வேலை செய்யாது.

நோயியல்மேசை

நான்காவது கேள்விக்கு வருகிறேன். ஃபெரோப்டோசிஸ் என்ற பெயர் வந்தது 2012-இல், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டிக்சன், ஸ்டாக்வெல் குழுவிடமிருந்து. ஆர்எஸ்எல்3 ஜிபிஎக்ஸ்4-ஐப் பிடிக்கிறது என்று 2014-இல் தெரிந்தது. ஆனால் ஆர்எஸ்எல்3-ஐ உடம்புக்குள் செலுத்தும் மருந்தாக நினைக்கமுடியாது, எராஸ்டினும் உடம்பில் நிலைப்பதில்லை. எலிச் சோதனைக்கு அதன் நிலைத்த வடிவமான இமிடசோல் கீட்டோன் எராஸ்டின் எடுக்கிறார்கள்.

அதைவிடப் பெரிய தடை வேறு. ஜிபிஎக்ஸ்4 கட்டிக்கு மட்டும் சொந்தமானதல்ல. வளர்ந்த எலியில் அந்த ஜீனை நீக்கினால் சிறுநீரக நுண்குழல்கள் செத்துச் சிறுநீரகம் செயலிழக்கிறது. நரம்பு செல்களும் அதை நம்பித்தான் இருக்கின்றன. கட்டியைக் கொல்ல அதற்குள் நுழைந்த நோயெதிர்ப்பு செல்களான சிடி8 டி செல்களும் இதே சாவுக்கு ஆளாகின்றன. கொழுப்பு மிகுந்த கட்டிச் சூழலில் அவை சிடி36 என்ற ஏற்பி வழியாகக் கொழுப்பு அமிலத்தை விழுங்கித் தாமே ஃபெரோப்டோசிஸில் தளர்ந்துபோகின்றன. நோயெதிர்ப்பு சிகிச்சையோடு சேர்த்து முழு உடம்புக்கும் ஜிபிஎக்ஸ்4 தடுப்பான் என்பது அதனால் ஆபத்தான யோசனை.

சிஸ்டின் வாசலைத் தடுப்பது இதைவிடக் கொஞ்சம் பாதுகாப்பானதாகத் தெரிகிறது. அந்த ஜீன் இல்லாத எலிகள் உயிரோடு வளர்கின்றன. அதோடு சிடி8 செல்கள் வெளியிடும் இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞைப் புரதமே கட்டி செல்களில் அந்த வாசலைக் குறைத்து ஃபெரோப்டோசிஸுக்குத் தள்ளுகிறது என்று 2019-இல் காட்டினார்கள். 2022-இல் அதன் தொடர்ச்சி: அதே இன்டர்ஃபெரான் ஏசிஎஸ்எல்4-ஐயும் தூண்டும், அராக்கிடோனிக் அமிலம் பக்கத்தில் இருந்தால் கட்டி செல் சாகும். கதிர்வீச்சும் ஏசிஎஸ்எல்4-ஐ ஏற்றுகிறது. எனக்கு நம்பிக்கை தருபவை இந்தச் சேர்க்கைகள்தான். கட்டி ஏற்கெனவே விளிம்புக்கு வந்துவிட்ட இடத்தில் சின்னத் தள்ளு.

எந்தக் கட்டி விளிம்பில் இருக்கிறது? இலக்கு மருந்துக்குத் தப்பி ஒடுங்கிக் கிடக்கும் செல்கள் ஜிபிஎக்ஸ்4-ஐ நம்பி வாழ்கின்றன என்று 2017-இல் இரண்டு குழுக்கள் எழுதின. மீசென்கைமல் நிலைக்கு (இடம்பெயரும் தன்மைக்கு) மாறியவையும் அப்படி. தெளிசெல் சிறுநீரகப் புற்றுநோயில் எச்ஐஎஃப்-2 ஆல்ஃபா என்ற புரதம் பன்நிறைவுறா லிப்பிட்களைச் சேர்த்து வைப்பதால் அதுவும் ஆளாகும். எதிர்ப்பக்கம் மெலனோமா: நிணநீரில் உள்ள ஓலிக் அமிலம் பரவும் செல்களைப் பாதுகாக்கிறது என்று 2020-இல் எலிகளில் தெரிந்தது. நீங்கள் பிளேட்டில் அல்புமினோடு கொடுக்கும் அதே ஓலிக் அமிலம் உடம்பில் நிணநீரில் ஓடிக்கொண்டிருக்கிறது! எஸ்சிடி1 தடுப்பானை மட்டும் நம்பும் சிகிச்சையின் பலவீனமும் இதுதான்: கட்டி வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளும். தோல், கண்ணிமையில் எண்ணெய் சுரக்கும் மெய்போமியன் சுரப்பி இரண்டுக்கும் எஸ்சிடி1 வேண்டும், அவை வறண்டுபோவதும் சேர்ந்து வரும்.

சொரஃபெனிப் ஃபெரோப்டோசிஸைத் தூண்டும் மருந்து என்று படித்திருந்தால் அதை ஒப்பீட்டு (கன்ட்ரோல்) மருந்தாக வைக்காதீர்கள். 2021-இல் பல செல் வகைகளில் அது தூண்டவில்லை என்று வெளிவந்துவிட்டது. சிஸ்டின் வாசலைத் தடுக்கும் சல்ஃபாசலசினும் செல்லில் நூற்றுக்கணக்கான மைக்ரோமோலார் கேட்கும். குளியோமா (மூளைக் கட்டி) நோயாளிகளிடம் அதைச் சோதித்தபோது பலனில்லாமல் பாதகம் கூடியதால் பாதியில் நிறுத்தினார்கள்.

கேள்விக்குறி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். சிகிச்சையில் இருப்பவர் மீன் எண்ணெய் மாத்திரை எடுத்தால் கட்டியின் சவ்வில் பன்நிறைவுறா அமிலம் ஏறி மருந்து நன்றாக வேலை செய்யுமா? வைட்டமின் ஈ-யை நிறுத்திவிடலாமா?

நோயியல்மேசை

இந்தத் திரியில் உள்ள எதையும் வைத்து அப்படிச் செய்யவேண்டாம். அமிலத்தன்மை மிகுந்த கட்டி செல்கள் மீன் எண்ணெயிலுள்ள டிஎச்ஏ என்ற பன்நிறைவுறா அமிலத்தை விழுங்கி ஃபெரோப்டோசிஸில் சாவது 2021-இல் செல்லிலும் எலியிலும் காட்டப்பட்டதுதான். எலிக்குக் கொடுத்த உணவு வேறு, மாத்திரை வேறு. மனிதரில் அந்த அமிலம் கட்டிக்கு மட்டும் போவதுமில்லை, மேலே சொன்ன டி செல்களுக்கும் சேர்ந்தே போகும்.

வைட்டமின் ஈ பற்றி ஒன்று சொல்லலாம். ஆரோக்கியமான ஆண்களுக்குத் தினம் 400 சர்வதேச அலகு கொடுத்த செலக்ட் ஆய்வில் ப்ராஸ்டேட் புற்றுநோய் 17% கூடியது, 2011-இல் வெளிவந்தது. ஃபெரோப்டோசிஸ்தான் காரணம் என்று அதில் யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால் அதிக அளவு மாத்திரை தீங்கற்றது என்ற நினைப்பு தவறு என்பதற்கு அது போதும். கதிர்வீச்சோ கீமோவோ நடக்கும்போது என்ன மாத்திரை உள்ளே போகிறது என்பதைச் சிகிச்சை தரும் மருத்துவரிடம் பட்டியலாகக் காட்டுங்கள், அளவோடு. நிறுத்துவதும் சேர்ப்பதும் அவர் சொன்னபிறகு.

வெல்96

அனைவருக்கும் நன்றி. அடுத்த பிளேட் இப்படி: ஒரே லாட் சீரம், செலினைட் 50 நானோமோலார், நான்கு நெருக்கங்கள், ஆர்எஸ்எல்3-க்குப் பக்கத்திலேயே எம்எல்210, சைட்டாக்ஸ் 2 மணிக்கு ஒருமுறை. ஓலியேட் 125, அராக்கிடோனிக் 10, இரண்டோடும் ஃபெரோஸ்டாட்டின் உள்ளதும் இல்லாததும். ஆர்கனாய்டை ஆக்சிஜனேற்றத் தடுப்பான் இல்லாத பி27-க்கு இன்றே மாற்றிவிடுகிறேன். ஃபெரோஸ்டாட்டின் ஸ்டாக் ஆறு மாதமாக மைனஸ் 20-இல் கிடக்கிறது, பயன்படுத்தலாமா?

இரும்புத்துகள்

புதிதாகக் கரையுங்கள். அது ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள், தானே ஆக்சிஜனேற்றமடைந்து பழுப்பாகிவிடும். பழைய ஸ்டாக் காப்பாற்றவில்லை என்றால் ஃபெரோப்டோசிஸ் இல்லை என்று தவறாக முடிவெடுப்பீர்கள். டிஎம்எஸ்ஓவில் 10 மில்லிமோலார், 10 மைக்ரோலிட்டர் பங்குகளாக மைனஸ் 80, ஒரு பங்கு ஒரு சோதனைக்கு. எச்டி-1080 என்ற புற்றுநோய் செல் வரிசையில் எராஸ்டின் 10 மைக்ரோமோலார் கொடுத்து இந்த ஸ்டாக் ஒரு மைக்ரோமோலாரில் முழுதாகக் காப்பாற்றுகிறதா என்று முதலில் பார்த்துவிட்டு உங்கள் பிளேட்டைத் தொடங்குங்கள்.